ஜூன் 3-ஆ, ஜூலை 25-ஆ? திருகோணமலையில் கொண்டாட ஒரு வித்தியாசமான நாள்

சித்திரைப் புத்தாண்டுக்கு நம்மூரில் விளையாட்டுப் போட்டி நடத்தாத கழகம் இல்லை. முட்டி உடைத்தல், கயிறிழுத்தல், தேசிக்காய் கரண்டி ஓட்டம், சங்கீதக் கதிரை, கடைசியில் அதிதிகளின் நீண்ட உரைகளும் பரிசளிப்பும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே மாதத்தில் ஒரே போட்டிகளைப் பக்கத்துப் பக்கத்துக் கழகங்கள் எல்லாம் நடத்தினால் பிள்ளைகளும் களைத்துவிடுவார்கள், நன்கொடை தரும் கடைக்காரர்களும் களைத்துவிடுவார்கள். எங்கள் சனசமூக நிலையத்தில் இந்த முறை வேறொரு யோசனை வந்தது. விளையாட்டுக்கும் கண்டுபிடிப்புக்கும் துணிச்சலான பொழுதுபோக்குக்கும் உலகத்தில் எத்தனையோ விசித்திரமான நாட்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை நமக்கென்று எடுத்து, வருடா வருடம் செய்தால் என்ன? எதை எடுப்பது என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

நாட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அவர்களுடைய காலநிலைக்கு ஏற்றபடி குறிக்கப்பட்டவை. இங்கே கடலும் காற்றும் வேறு கணக்கு. கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும் அடித்து ஊற்றும். வைகாசி கழிந்தால் கச்சான் காற்று, தோலை உரிக்கிற வெயில், ஆனால் கடல் தட்டையாகக் கிடக்கும். நாளின் பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் நம்மூர்க் காற்றோடு ஒத்துப்போகாவிட்டால் அது இரண்டாம் வருடமே கைவிடப்படும். என் தெரிவு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

முதலில் சட்டென்று தள்ளிவிடக்கூடியவை.

ஜூன் 6 யோயோ நாள். அமெரிக்காவில் யோயோவைத் தொழிற்சாலை போட்டுச் செய்து பிரபலமாக்கியவர் பிலிப்பைன்ஸிலிருந்து போன பெட்ரோ ஃபுளோரெஸ். 1928-இல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தார். நாளோ, அந்தத் தொழிலை அவரிடமிருந்து வாங்கிய டொனால்ட் டங்கனின் பிறந்தநாளில் வருகிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை. செய்தவனை விட்டுவிட்டு வாங்கியவனுக்கு விழா எடுப்பதை ஊரில் போதியளவு பார்க்கிறோம். அப்புறம், யோயோ ஒரு பிள்ளை தனியாக விளையாடுவது. நூறு பேர் கூடி நின்று பார்க்க அதில் என்ன இருக்கிறது?

ஜூன் 17-ஐ ஒட்டிவரும் சனிக்கிழமை, பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிப்பவர்களுக்கான நாள். சர்வதேச ஜக்ளிங் சங்கம் 1947 ஜூன் 17-இல் தொடங்கியதன் நினைவு. மூன்று தேசிக்காய் இருந்தால் போதும், செலவே இல்லை. தனி நாளாக நிற்காது, ஆனால் வேறொரு விழாவில் ஒரு மூலையில் அழகாக உட்காரும்.

ஜூலை 20 சதுரங்க நாள். 1924-இல் அதே திகதியில் பாரிசில் உலகச் சதுரங்கச் சம்மேளனம் தொடங்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையும் 2019-இல் இந்த நாளை ஏற்றுக்கொண்டது. நல்ல நாள், மலிவான நாள், மின்விசிறிக்குக் கீழே நடத்தலாம். ஆனால் பாடசாலைகள் சதுரங்கத்தைப் பார்த்துக்கொள்கின்றன. அங்கே நம் கழகம் போய்ச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

ஜூன் மூன்றாம் சனிக்கிழமை அலைச்சறுக்கு நாள், 2005 முதல். அது அறுகம் குடாக்காரருக்குரியது. ஜூனில் நிலாவெளிக் கடலில் பலகையைப் போட்டுக்கொண்டு அலைக்குக் காத்திருந்தால் பின்னேரம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கண்டுபிடிப்பாளர் நாட்கள் பல. ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் நவம்பர் 9. நடிகை ஹெடி லமார் பிறந்த நாள் அது. ஜோர்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து, வானொலி அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருந்து எதிரியின் குறுக்கீட்டைத் தவிர்க்கும் முறைக்கு 1942-இல் காப்புரிமை எடுத்தவர். கதை பிரமாதம். ஆனால் நவம்பர் 9-இல் மைதானத்தில் தண்ணீர் நிற்கும். தாய்லாந்தில் பெப்ரவரி 2. குளத்து நீரைச் சுழற்றிக் காற்றூட்டும் இயந்திரத்துக்கு மன்னர் பூமிபோலுக்கு 1993-இல் அந்தத் திகதியில்தான் காப்புரிமை கிடைத்தது. இங்கே அந்தக் கிழமை முழுக்க சுதந்திர தின ஒத்திகை நடக்கும். மைதானம் கேட்டுப் போகவே முடியாது.

சரி, இனி உண்மையான போட்டியாளர்கள்.

பட்டம்

பட்டத்தை நினைத்ததும் சபையில் பாதிப்பேர் கை தூக்கிவிட்டார்கள். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்துவிட்டு நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற ஆசை இங்கே பலருக்கு இருக்கிறது. கொக்குப் பட்டம், பெட்டிப் பட்டம், எட்டுமூலை, இரவில் மின்குமிழ் கட்டியது, விண் பூட்டியது. விண் பூட்டுவதைக் கிட்ட இருந்து பார்த்திருந்தால் பட்டத்தைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சொல்ல மாட்டீர்கள். வளைத்த தடியில் பார்சல் நாடாவை இழுத்துக் கட்டி, விரலால் சுண்டிக் காதோடு வைத்துப் பார்ப்பார்கள். தொய்வாக இருந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுவார்கள். மேலே ஏறியதும் காற்று அந்த நாடாவை அதிரவைக்க, ஊரே கேட்கும்படி கூவும்.

பட்டத்துக்கென்று உலக அளவில் ஒரு நாளும் உண்டு. ‘ஒரே வானம், ஒரே உலகம்’ என்று 1980-களில் அமெரிக்காவில் தொடங்கி, அக்டோபர் இரண்டாம் ஞாயிறில் பல நாடுகளில் சமாதானத்துக்காகப் பட்டம் விடுகிறார்கள். போருக்குப் பின்னான ஒரு துறைமுக நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருத்து கிடையாது. ஆனால் திகதிதான் இடிக்கிறது. அக்டோபரில் கச்சான் ஓய்ந்திருக்கும், வாடை இன்னும் பிடித்திருக்காது, பின்னேரமானால் இடி மின்னல். நனைந்த நூலோடு மின்னலுக்குக் கீழே பிள்ளைகளை நிறுத்துவதா? முடியாது. ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை வேறு.

அப்படியென்றால் தையில் விடலாமே என்பார்கள். விடலாம். அப்போது வாடை கடலிலிருந்து கரைக்கு வீசும், பட்டமெல்லாம் நகரத்துக்கு மேலே வரும், தங்கூசி நூல் மின்கம்பியிலும் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்திலும் மாட்டும். சீனக்குடாவில் விமானத்தளம் இருப்பதையும் மறக்கக்கூடாது. ஓடுபாதைக்குக் கிட்டப் பட்டம் விடுவது விளையாட்டில்லை. கச்சான் காலத்தில் விட்டால் நிலைமை நேரெதிர். காற்று கரையிலிருந்து கடலுக்கு இழுக்கும், அறுந்த பட்டம் எல்லாம் வங்காள விரிகுடாவுக்குப் போகும், அதன் பின்னால் ஒரு பொடியன் நீந்திப் போவான். அந்தப் பொடியனை நினைத்துத்தான் நான் பட்டத்துக்கு வாக்களிக்கவில்லை. வல்வெட்டித்துறை செய்வதை நம்மவர்கள் போய்ப் பார்த்து ரசித்துவிட்டு வரட்டும்.

சைக்கிள்

ஜூன் 3 உலக சைக்கிள் தினம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018 ஏப்ரலில் அறிவித்தது. அமெரிக்காவில் சமூகவியல் கற்பித்த லெஷெக் சிபில்ஸ்கி தன் மாணவர்களோடு தொடங்கிய பிரசாரம் அது. துர்க்மெனிஸ்தான் தீர்மானத்தைக் கொண்டுவர, சபை வாக்கெடுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது.

சும்மா ஒரு ஊர்வலம் போய், தொப்பியும் ரீசேர்ட்டும் கொடுத்து, படம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதென்றால் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் சைக்கிளுக்குள் ஒரு கண்டுபிடிப்புக் கதை இருக்கிறது, அதையே போட்டியாக்கலாம். 1817 ஜூன் 12-இல் ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து கார்ல் வொன் டிரைஸ் இரண்டு சக்கரம் பூட்டிய ஒரு மரச்சட்டத்தில் ஏறினார். பெடல் இல்லை, சங்கிலி இல்லை. காலால் நிலத்தை உந்தி உந்தி ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தூரத்திலிருந்த சாவடிவரை போய், ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பியும் வந்துவிட்டார். 1885-இல் இங்கிலாந்தின் ஸ்டார்லி செய்த ரோவர் என்ற சைக்கிள் வந்த பிறகுதான் இன்றைக்கு நாம் ஓடும் உருவம் கிடைத்தது. 1887-88 வாக்கில் ஜோன் டன்லொப் என்ற மிருக வைத்தியர், மகனின் முச்சக்கர வண்டி குலுங்குகிறதே என்று காற்றடைத்த ரயரைச் செய்தார்.

இதை நம்மூரில் எப்படிச் செய்வது? பழைய சைக்கிள்களின் சங்கிலியைக் கழற்றிவிட்டு, சீற்றை இறக்கி, டிரைஸ் மாதிரியே காலால் உந்தி 100 மீற்றர். அடுத்தது, எல்லாருக்கும் தெரிந்த மெதுவான சைக்கிள் ஓட்டம், கடைசியாக வருபவருக்கே பரிசு. அதை ஆட்கள் ஏன் கூடிநின்று பார்க்கிறார்கள் என்றால், அங்கே பலத்துக்கு வேலையில்லை. முன்சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பி, பிரேக்கை அரைவாசி பிடித்து, உடம்பை மெல்ல ஆட்டி, கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பாற்காரர்களும் வயதான மீன் வியாபாரிகளும் இதில் பொடியன்மாரைத் தோற்கடித்துவிடுவார்கள். மீன்பெட்டியோடு சனத்துக்குள் ஓடிப் பழகிய கை அது.

சைக்கிளின் பெரிய பலம் பெண்பிள்ளைகள். பாடசாலைக்கும் டியூசனுக்கும் சைக்கிளில் போகிற பிள்ளைகள் அதே சைக்கிளோடு போட்டிக்கும் வந்துவிடுவார்கள். உடுப்புப் பற்றி எந்த வீட்டிலும் கேள்வி வராது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் மூன்று தரப்பும் தயக்கமில்லாமல் வரக்கூடிய நிகழ்ச்சி இதுதான். செலவும் குறைவு. பலவீனம் வெயில். ஜூனில் காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முன் முடிக்க வேண்டும். பிரட்ரிக் கோட்டை வாசல்வழியாகக் கோணேசர் கோயில்வரை ஏற்றத்தில் ஓட்டப்போட்டி வைக்கலாம் என்று ஒரு தம்பி சொன்னார். கோயிலுக்குப் போகும் சனம், கோட்டைக்குள் மேயும் மான்கள், திரும்பி இறங்கும்போது வேகம். மான் குறுக்கே பாய்ந்தால் மானுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. மைதானத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்தி.

நீச்சல், அதோடு ஒரு பன்னிரண்டு வயதுக்காரன்

இனி நான் விரும்பும் தெரிவு. இது இரண்டு நாட்களைச் சேர்த்து ஒட்டியது.

ஜனவரி 17 அமெரிக்காவில் சிறுவர் கண்டுபிடிப்பாளர் நாள். 1706-இல் அந்தத் திகதியில் பிறந்தவர் பெஞ்சமின் பிராங்ளின். மின்னலும் பட்டமும் என்று பாடப்புத்தகத்தில் படித்தது அவரைப் பற்றித்தான். அதற்கெல்லாம் வெகு முன்னர், பொஸ்டனில் பதினொன்று பன்னிரண்டு வயது வாக்கில், வேகமாக நீந்த வேண்டும் என்பதற்காக அவர் இரண்டு பலகைகள் செய்தார். முட்டை வடிவம், ஏறத்தாழ 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம், பெருவிரல் நுழைய ஒரு ஓட்டை. ஓவியர்கள் வர்ணம் குழைக்கும் தட்டு மாதிரி இருந்தது என்று பிற்காலத்தில் கடிதத்தில் எழுதியிருக்கிறார். வேகம் கூடியது, ஆனால் மணிக்கட்டு நொந்துபோனது என்பதையும் மறைக்காமல் எழுதினார். காலுக்கும் ஒன்று செய்து பார்த்தார், அது திருப்தி தரவில்லை. இன்னொரு நாள் பட்டத்தின் நூலைக் கட்டியிருந்த தடியைக் கையில் பிடித்துக்கொண்டு குளத்தில் மல்லாக்கப் படுத்தார். பட்டம் அவரை ஒரு மைல் அகலக் குளத்துக்கு அக்கரை இழுத்துக்கொண்டு போனது. உடுப்பைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பையன் கரையைச் சுற்றி வந்தான். இன்றைக்கு வெளிநாட்டுக்காரர்கள் கற்பிட்டியில் காசு கட்டிச் செய்யும், பட்டம் இழுக்கப் பலகையில் கடல்மேல் சறுக்கும் விளையாட்டு இதன் பேரப்பிள்ளைதான். சர்வதேச நீச்சல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் 1968-இல் சேர்க்கப்பட்டது.

விளையாட்டு, கண்டுபிடிப்பு, துணிச்சல் மூன்றும் ஒரே பையனில் இருக்கின்றன. இதைவிடக் கதை எங்கே தேடுவது? ஆனால் ஜனவரி 17-இல் நம் கடலுக்குள் பிள்ளைகளை இறக்க முடியாது. கரைவலை இழுக்கும் ஐயா ஒருவரிடம் கேட்டதற்கு, “தை பிறந்தாலும் கடல் ஆறாது தம்பி, மாசி கழியட்டும்” என்றார். பொங்கல் முடிந்து இரண்டே நாளில் கையிலும் காசு இருக்காது.

கதையை ஜனவரியிலிருந்து எடுத்து, திகதியை ஜூலையிலிருந்து எடுப்போம். ஜூலை 25 நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாள். ஐக்கிய நாடுகள் சபை 2021-இல் அறிவித்தது. அயர்லாந்தும் பங்களாதேசமும் சேர்ந்து கொண்டுவந்த தீர்மானம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3,00,000 பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதே 2021-இல், நவம்பர் 23-ஆம் திகதி காலை, நம் மாவட்டத்தில் குறிஞ்சாக்கேணியில் ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவைப் படகு கவிழ்ந்தது. பாலம் கட்டி முடியாததால் தற்காலிக மிதவையில் பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் பெரியவர்களும் தண்ணீருக்குள் போனார்கள். கிண்ணியாவில் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் பேச்சு நின்றுவிடும்.

இந்த நாளை விழா என்று சொல்லலாமா என்று சபையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. துக்கத்துக்கு மேளம் அடிப்பது மாதிரி இருக்கக்கூடாது. ஆனால் விளக்கேற்றி, உரை நிகழ்த்தி, துண்டுப்பிரசுரம் கொடுத்துக் கலைந்தால் ஒரு பிள்ளைக்கும் நீந்த வராது. பிராங்ளினின் பலகையைக் கையில் கொடுத்தால் பிள்ளை தானாகத் தண்ணீருக்கு வரும். அதற்கு முந்திய மாதம் நிலையத்தில் மெல்லிய ஒட்டுப்பலகையை வெட்டி, அரத்தாள் தேய்த்து, அவரவர் கைக்கு அளவாகச் செய்யட்டும். வட்டமா, முட்டை வடிவமா, நடுவில் ஓட்டை போட்டால் மணிக்கட்டு நோவு குறையுமா என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிப்புக்கு ஒரு பரிசு, நீச்சலுக்கு ஒரு பரிசு. நீந்தத் தெரியாதவர்களுக்கு மிதக்கப் பழக்குவதும், வெற்றுக் கலனைக் கயிற்றில் கட்டி மூழ்குபவருக்கு எறியும் போட்டியும். ஆள் பாயாமல் காப்பாற்றுவதுதான் அதில் பழக வேண்டிய விஷயம்.

கடல் நகரம் என்று பெயர், ஆனால் நீந்தத் தெரியாத பெண்கள் நம்மிடையே ஏராளம். இந்தத் தெரிவின் பெரிய முடிச்சு அதுதான். ஆண்கள் கூடி நிற்கும் கரையில் எந்தத் தாயும் மகளை இறக்க மாட்டார். அதற்குப் பெண்களுக்கென்று தனி நேரம், பெண் பயிற்றுநர், முழுக்கை முழுக்கால் நீச்சல் உடுப்பு வேண்டும். இவை இல்லாமல் செய்தால் பாதி ஊருக்கு மட்டுமான விழாவாகிவிடும், அந்த இடத்தில் சைக்கிள் ஜெயிக்கும்.

காற்றைப் பற்றி இன்னொன்று. ஜூலையில் உப்புவெளிக் கடல் குளம் மாதிரித் தெரியும், அந்தத் தோற்றத்தை நம்பக்கூடாது. கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால், காற்றடைத்த ரியூப்பில் மிதக்கும் பிள்ளை தனக்கே தெரியாமல் வெளியே போய்விடும். அதனால் ரியூப்புக்கும் மெத்தைக்கும் இடமில்லை. இடுப்பளவு தண்ணீரில், கரைக்குச் சமாந்தரமாக, மிதவைக் கயிறு கட்டிய எல்லைக்குள், காற்று எழும்ப முன் காலையில் முடிக்க வேண்டும். வெளிப்பக்கம் இரண்டு வள்ளம் நிற்க வேண்டும். பிராங்ளின் மாதிரிப் பட்டம் பிடித்துக்கொண்டு மிதக்கிறேன் என்று எவனாவது கிளம்பினால் அவனை அந்தமானில்தான் தேட வேண்டிவரும்.

கோணமலையடியில் 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டதை வைத்து ஒரு சுழியோடல் நாள் செய்யலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. பெருமையான விஷயம். ஆனால் ஒட்சிசன் சிலிண்டரா காற்றுச் சிலிண்டரா என்பதிலேயே குழம்பும் நம் கழகத்துக்கு அது இப்போதைக்கு எட்டாது. (காற்றுத்தான்.) அந்தக் கதையையும் ஜூலை 25-இல் சொல்லலாம்.

அப்படியென்றால் எது? உயிர்காப்பாளர் இருவர், ஒரு பெண் பயிற்றுநர், இரண்டு வள்ளம் இந்த மூன்றும் கிடைத்தால் ஜூலை 25. கிடைக்காவிட்டால் ஜூன் 3, மனக்குறை இல்லாமல். சைக்கிள் தினம் முதல் வருடமே நன்றாக நடக்கும், நீச்சல் நாள் மூன்றாம் வருடத்தில்தான் சரியாக வரும் என்று நினைக்கிறேன். இருந்தும் நீச்சலையே முதலில் வைக்கிறேன்: சைக்கிள் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஓடத் தெரியும்.

இரண்டுமே கிழமை நடுவில் விழுந்தால் அடுத்த சனிக்கிழமைக்கு மாற்ற வேண்டும். வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு அறநெறி. போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் எங்கே விழுகிறது என்பதைக் கலண்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். கடற்கரைக்கு அனுமதி எடுக்கும் கடிதத்தைச் செயலாளர் ஏப்ரலிலேயே கொடுத்துவிட வேண்டும். மே நடுப்பகுதிவரை பதிலோ உயிர்காப்பாளர்களோ வரவில்லை என்றால் ஒட்டுப்பலகை வாங்குவதை நிறுத்திவிட்டு, பழைய சைக்கிள் சேர்க்கத் தொடங்குவோம். சங்கிலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எப்படியும் கழற்றத்தானே போகிறோம்.